கல்லுக்கென்று ஒரு சோடி

ஸ்கீயின் அடிப்பரப்பைப் புரட்டிப் பார்த்தால் அதன் சொந்தக்காரர் மலையில் எப்படி நிற்கிறார் என்று சொல்லிவிடலாம். குதிக்காலுக்குப் பின்னே காயம் கூடுதலாக இருந்தால் மனிதர் பயத்தில் பின்னுக்குச் சாய்கிறார். பாதத்துக்கு நேர் கீழே ஆழமாக ஒரே ஒரு வெட்டு இருந்தால், முழுப் பாரத்தையும் கொடுத்துத் திரும்பும் நேரத்தில் பனிக்குள் மறைந்திருந்த பாறை அவரைப் பிடித்திருக்கிறது. நுனியிலிருந்து வால்வரை மெல்லிய கீறல்கள் நெடுக ஓடினால் பாறைமேல் பழி இல்லை. கார் நிற்கும் இடம்வரை சரளையின் மேல் ஓட்டிக்கொண்டு வந்திருக்கிறார், கழற்றப் பஞ்சி.

பேர்ன் நகரில் ஒரு விளையாட்டுப் பொருள் கடையின் பின்னறையில் ஸ்கீ திருத்துவது என் தொழில். யாழ்ப்பாணத்தில் பிறந்தவனுக்கு இந்த வேலை எப்படி வாய்த்தது என்று கேட்பவர்கள் உண்டு. எண்பதுகளின் கடைசியில் சுவிஸுக்கு வந்த பலரைப் போல நானும் உணவகச் சமையலறையில் கோப்பை கழுவித்தான் தொடங்கினேன். பிறகு ஒரு குளிர்காலம் ஸ்கீக்கு மெழுகு தேய்க்க ஆள் தேவை என்றார்கள், போனேன். கை பழகிய பிறகு கால் பழகியது. எனக்குத் தொழில் சொல்லித்தந்த பெரியவர், ஓடத் தெரியாதவன் திருத்தக் கூடாது என்பதில் விடாப்பிடியாக நின்றார். கடை பூட்டும் நாட்களில் என்னை மலைக்கு இழுத்துக்கொண்டு போனார். இழுவைக் கம்பி இல்லாத மலைக்கு.

அதுதான் ஸ்கீ சுற்றுலா எனப்படுவது: ஸ்கீயைக் காலில் மாட்டியபடியே ஏறி, அதே ஸ்கீயில் இறங்குவது. ஏறும்போது அடிப்பரப்பில் ஒரு நீளத் துணிப்பட்டையை ஒட்டுவோம். முன்னாட்களில் சீல் என்ற கடல் விலங்கின் தோலைக் கட்டினார்கள். அதனால் இன்றும் எல்லோரும் தோல் என்றே சொல்கிறோம். இப்போது அது அங்கோரா ஆட்டு மயிரும் நைலோனும் கலந்த நெசவு. மயிர் எல்லாம் பின்னோக்கிப் படிந்திருக்கும். முன்னே தள்ளினால் வழுக்கும், பின்னே சறுக்கப் பார்த்தால் பனியைப் பிடித்துக்கொள்ளும். சப்பாத்தின் முனையை மட்டும் இரண்டு ஊசிகள் பற்றியிருக்க, குதி தூக்கித் தூக்கி நடக்கலாம். அந்த ஊசிப் பிடிப்பை எண்பதுகளில் உருவாக்கியவர் ஃபிரிட்ஸ் பார்டெல் என்ற ஆஸ்திரியப் பொறியியலாளர். பாரம் குறைந்ததால், முன்பு முரடர்கள் மட்டும் போன இடங்களுக்கு இன்று எல்லோரும் போகிறார்கள்.

2022-23 குளிர்காலம் என் தொழிலில் மறக்கக்கூடியதல்ல. 2023 சனவரி முதலாம் திகதி, ஆல்ப்ஸுக்கு வடக்கே இருக்கும் டெலெமோன் நகரில் வெப்பம் 20 பாகையைத் தாண்டியது. பெப்ரவரியிலும் பனி வரவில்லை. வந்தது காய்ந்த வெயில். கடையின் முன்பக்கத்தில் வாடகை ஸ்கீகள் சுவரோடு நின்றன. பின்னறையிலோ என் மேசைக்குப் பக்கத்தில் காயம்பட்டவை குவிந்தன. பனி குறைந்தால் கடைக்கு நட்டம், திருத்துகிறவனுக்கு வேலை. ஆல்ப்ஸில் பனி எங்கே எவ்வளவு கிடக்கிறது என்பதை அந்த மாதம் நான் வானிலை அறிக்கையைவிட மேசையில் வந்து விழுந்த ஸ்கீகளில்தான் துல்லியமாகப் படித்தேன்.

இப்படியான காலத்துக்கென்றே இந்த நாட்டில் சுற்றுலா போகிறவர்கள் நிலவறையில் ஒரு பழைய சோடி வைத்திருப்பார்கள். ஷ்டைன்ஸ்கீ என்பார்கள், கல் ஸ்கீ. கல்லில் பட்டாலும் மனம் பதறாத சோடி. என்னிடம் அப்படி இரண்டு சோடி இருந்தன. இரண்டும் வாடிக்கையாளர்கள் இனி வேண்டாம் என்று விட்டுப்போனவை. அதில் ஒன்றை என் அக்காவின் மகனுக்குக் கொடுத்தேன். இங்கேயே பிறந்தவன், மின்வேலை பழகுகிறான். இழுவைக் கம்பியில் ஏறி வழித்த ஓடுபாதையில் பறப்பதில் கெட்டிக்காரன். தோல் ஒட்டி நடந்தது அரிது. அந்தக் குளிர்காலத்தில் அவனையும் கூட்டிக்கொண்டு ஒரு சுற்றுலா புறப்பட்டோம். எங்களோடு வந்த மற்ற இருவரும் என் பழைய மலைத் தோழர்கள்: ஓய்வுபெற்ற போஸ்ட் பஸ் சாரதி ஒருவர், தாதி ஒருவர்.

போக நினைத்தது கான்ட்ரிஷ் மலைப்பக்கம். பேர்னுக்குத் தெற்கே, நகரத்துச் சன்னலிலிருந்தே தெரியும் சுண்ணாம்புக் கல் வரிசை. ஓக்சென் 2188 மீற்றர், பூர்க்லென் 2165, கான்ட்ரிஷ் 2175. உயரத்தில் பெரிய மலைகள் அல்ல. ஆனால் வடக்கு முகம் நிழலில் கிடக்கும். அதனால் தெற்கில் புல் முளைத்த பிறகும் அங்கே பனி தங்கும். பூர்க்லென் என்று முடிவெடுத்தோம்.

முதல் நாள் மாலை 5 மணிக்கு, டாவோஸில் இருக்கும் பனிச்சரிவு ஆய்வு நிறுவனத்தின் அறிக்கை வெளிவரும். அதைப் படிக்காமல் நான் யாரோடும் மலைக்குப் போவதில்லை. மருமகன் கைபேசியில் எட்டிப் பார்த்துவிட்டுச் சிரித்தான்.

“பனியே இல்லை மாமா, பிறகு என்னத்தைச் சரியப் போகுது?”

எல்லோருக்கும் வரும் எண்ணம்தான் இது. நடப்பது மறுதலை. நிலத்தோடு ஒட்டிய பனி கிட்டத்தட்ட பூச்சியப் பாகையில் இருக்கும். மேலே இரவுக் காற்று கடுங்குளிர். பனி ஒன்றரை மீற்றர் ஆழமாக இருந்தால் அந்த வித்தியாசம் மெல்ல மெல்லப் பரவும். அரை மீற்றர்தான் என்றால் அதே வித்தியாசம் குறுகிய தூரத்துக்குள் நெருக்குகிறது. கீழிருந்து நீராவி மேலேறி, பனித்துகள்கள் உருமாறி, மூலை முளைத்த மணிகளாகி, ஒன்றோடொன்று ஒட்டாமல் சீனி போல உதிர்கின்றன. அதன்மேல் காற்று கொண்டுவந்து போட்ட பலகைப் பனி கிடந்தால், ஒரு ஆளின் பாரம் போதும். மெல்லிய பனியில் அந்தக் கீழ்ப்படையை எட்டுவதும் சுலபம். அன்று ஆபத்து நிலை ஐந்தில் இரண்டு. நிழல் முகங்களில் பழைய பனி பலவீனம் என்று எழுதியிருந்தது. 30 பாகைக்கு மேல் சரிவான இடங்களை அரசு வரைபடம் நிறமிட்டுக் காட்டும். நிறமில்லாத இடங்களை இணைத்து எங்கள் பாதையைக் கோடிட்டோம். சரிவில் புதைந்தவரைத் தேடி எடுக்க வேண்டிய அலை பரப்பி, மண்வெட்டி, துளாவுகோல் மூன்றும் ஒவ்வொருவர் பையிலும் இருக்கின்றனவா என்று தாதி பார்த்தார். பனி குறைவு என்று அதில் ஒன்றும் குறைக்கவில்லை.

காலையில் போஸ்ட் பஸ் எங்களைக் கூர்னிகெலில் இறக்கிவிட்டது. கண் முன்னே பாதி மஞ்சள் புல், பாதி வெள்ளை. மருமகன் ஸ்கீயைத் தோளில் வைத்தபடி நின்றான். “இதிலையே மாமா?”

“இதிலைதான் அப்பன்.”

பனி திட்டுத் திட்டாகக் கிடப்பது தற்செயல் அல்ல என்பதை முதல் அரைமணியில் அவனுக்குக் காட்டினோம். ஊசியிலை மரத்துக்கு அடியில் பனி இல்லை. விழுந்ததைக் கிளைகளே ஏந்திக்கொண்டு, அங்கேயே உருக்கிவிட்டன. மரத்துக்கு வெளியே, வடக்குப் பக்கத்து நிழல் விழும் அகலத்துக்கு மட்டும் பனி நிற்கும். மாட்டுக் கொட்டிலுக்குப் போகும் பாதையில் பனி நன்றாக இருக்கும், ஏனென்றால் நடந்தவர்கள் அதை மிதித்து இறுக்கியிருக்கிறார்கள். இறுகிய பனி மெதுவாகவே உருகும். முகட்டில் காற்று வழித்துப் போட்டுவிடும். வழித்ததை மறுபக்கத்துப் பள்ளத்தில் கொண்டுபோய்க் கொட்டும். ஆகவே முகடு மொட்டையாகத் தெரிந்தால் அதற்குக் காற்றொதுக்கில் ஒரு பள்ளம் நிறைந்திருக்கும். எங்களுக்கு வேண்டியது அந்தப் பள்ளங்கள். பலகைப் பனி குவிவதும் அங்கேதான், ஆகவே அவற்றில் சரிவு குறைந்தவை மட்டும்.

பனியின் ஆழத்தைவிட அதற்குக் கீழே என்ன இருக்கிறது என்பதே எனக்கு முக்கியம். கீழே மேய்ச்சல் புல் என்றால் ஒரு சாண் பனி போதும். பாறைக் குவியல் என்றால் அரை மீற்றரும் போதாது. கோடையில் அந்த மலையை நடந்து பார்த்தவர்களுக்கே இது தெரியும். சாரதி கோடையெல்லாம் அங்கே காளான் தேடித் திரிபவர். “இந்த மேடு புல். அதோ, வேலிக்கு அப்பால் கற்கள்” என்று கைத்தடியால் காட்டிக்கொண்டே ஏறினார். அவுரிநெல்லிப் புதர் இன்னொரு தொல்லை. பனியை அது தூக்கிப் பிடித்திருக்கும். மேலே வெள்ளையாகத் தெரியும், கால் வைத்தால் உள்ளே வெற்றிடம், முழங்கால்வரை புதையும்.

புல்திட்டு வந்தால் ஸ்கீயைக் கழற்றுவதா விடுவதா? அகலம் சின்னதென்றால் நான் கழற்றுவதில்லை. காய்ந்த புல்லில் தோல் நன்றாகவே வழுக்கும். ஈரப் புல்லில் ஆட்டு மயிர் தண்ணீர் குடிக்கும். அடுத்து குளிர்ந்த பனியில் கால் வைத்ததும் அது உறைந்து, பனி கட்டி கட்டியாக ஒட்டி, காலில் செங்கல் கட்டினமாதிரி ஆகிவிடும். அதற்குக் கையில் எப்போதும் ஒரு மெழுகுத் துண்டு. ஒட்டியதைச் சுரண்டி, மயிர் படிந்த திசையில் இரண்டு இழுவை.

கான்ட்ரிஷ் கொட்டிலுக்கு மேலே பாதை நீளத்துக்குப் பனி போய்விட்டிருந்தது. ஸ்கீயைப் பையில் கட்டிச் சேற்றில் நடந்தோம். மறுபடி பனி தொடங்கிய இடத்தில் மருமகன் மாட்டினான். நாலு அடியில் சப்பாத்து கழன்றது. மீண்டும் மாட்டினான், மீண்டும் கழன்றது. ஸ்கீ பழசு என்றான். நான் அவனைக் காலைத் தூக்கச் சொன்னேன். சப்பாத்து முனையின் இரு பக்கமும் ஊசி நுழைய ஒரு மிளகு அளவில் குழி இருக்கும். இரண்டு குழியிலும் சேறு அடைத்து, அதன்மேல் பனி இறுகிக் கிடந்தது. ஊசி பாதிதான் உள்ளே போயிருக்கிறது. பூட்டிய சத்தம் மட்டும் கேட்டிருக்கும். சட்டைப்பையில் வைத்திருக்கும் சின்னத் திருப்புளியின் நுனியால் தோண்டினேன். கறுப்பாக ஒரு உருண்டை விழுந்தது. பிறகு மாட்டி, குதியை இரண்டு மூன்று தரம் மேலும் கீழும் ஆட்டி, ஊசி குழிக்குள் சுழன்று தன் இடத்தைத் துடைக்கவிட்டு, அதன்பிறகுதான் முன் நெம்பை மேலே இழுத்துப் பூட்டச் சொன்னேன். கடையில் பிடிப்பு பழுது என்று கொண்டுவருகிறவர்களில் பலருக்கு இந்த வைத்தியம்தான், காசு வாங்குவதில்லை.

மோர்கெத்தெ கணவாய் 1959 மீற்றர். அங்கே நின்றால் கால் வைத்த வரம்பில் நாடு இரண்டாகப் பிரிந்திருந்தது. வடக்கே வெள்ளை. தெற்கே சிம்மென்தால் பள்ளத்தாக்குப் பக்கம் முழுக்கக் காய்ந்த புல். அந்தப் புல்லில் காட்டாடுகள் மேய்ந்தன. பனி இல்லாத சரிவு அவற்றுக்குக் குளிர்காலத்துச் சோறு. ஆகவே மொட்டைத் திட்டுகளை மனிதர் குறுக்கே வெட்டி நடக்காமல் இருப்பது நல்லது. இந்தப் பகுதியில் வனவிலங்குகளுக்கென ஒதுக்கிய அமைதி வலயங்களும் உண்டு. கருங்காட்டுக் கோழி பகலின் பெரும்பகுதியைப் பனிக்குள் தோண்டிய குழியில் கழிக்கும்; கலைத்துவிட்டால் சேர்த்துவைத்த பலத்தைப் பறப்பதில் செலவழித்துவிடும். பனி குறைந்த வருடத்தில் அதற்கும் இடம் குறைவு, எங்களுக்கும் இடம் குறைவு. விட்டுக்கொடுக்க வேண்டியவர்கள் நாங்கள்.

முகட்டு வழியே பூர்க்லென் உச்சி. கடைசிப் பகுதியில் ஸ்கீயைக் கையில் தூக்கிக்கொண்டு நடந்தோம். ஐகர், மொன்ச், யுங்ஃப்ராவ் மூன்றும் தெளிவாக நின்றன. அக்கா கட்டித்தந்த ரோல்ஸைப் பிரித்தோம்; ஆட்டிறைச்சி ரோல்ஸில் கடித்த சாரதி வழக்கம்போலக் கண்ணீரோடு இரண்டாவதற்குக் கை நீட்டினார். இஞ்சி போட்ட பிளேன்ரீ நாலு பேருக்கும். தாதி மட்டும் தோலைக் கழற்றி மடிப்பதில் கவனமாக இருந்தார். பசைப்பக்கம் புல்லில் விழுந்தால் ஒட்டிய புல்லை ஒவ்வொன்றாகப் பிடுங்க வேண்டிவரும். எப்போதும் ஸ்கீயின் மேலேயே வைத்துத்தான் மடிப்பார்.

இறக்கத்தில் கணவாய்க்குக் கீழே காற்று நிரப்பிய சரிவு எங்களுக்காகக் காத்திருந்தமாதிரி. வடக்கு நிழலில் பனி காய்ந்து, தூளாக இருந்தது. ஒருவர் பின் ஒருவராக, இடைவெளி விட்டு இறங்கினோம். மருமகன் கூவிய கூவல் பள்ளத்தாக்கில் எதிரொலித்தது. வழித்த பாதையில் கெட்டிக்காரன் என்றேனே, அந்தக் கெட்டித்தனம் கிட்டத்தட்ட 150 மீற்றர் உயரத்துக்குச் செல்லுபடியானது.

அதற்குக் கீழே வேறு கணக்கு. வெள்ளை ஒடுங்கி, நாடாக்களாகப் பிரிந்தது. இங்கே வேகத்துக்கு மதிப்பில்லை. ஒரு நாடாவின் முடிவில் நின்று, அடுத்தது எங்கே தொடங்குகிறது, இடையில் புல்லா கல்லா என்று பார்த்து, பிறகு அடுத்தது. புல்லைத் தாண்டும்போது ஸ்கீ சட்டென்று பிடிபடும். ஆகவே ஒரு காலை அரை அடி முன்னே விட்டு, பாரத்தைச் சற்றுப் பின்னே வைத்து, விளிம்பு கொடுக்காமல் தட்டையாக, நேரே போக வேண்டும். கல்லில் ஏறிவிட்டால் திருப்பப் பார்க்கக் கூடாது. பாரத்தை எடுத்துவிட்டுத் தட்டையாக வழுக்கவிட வேண்டும். விளிம்பை அழுத்தினால்தான் வெட்டு. தலை காட்டும் கல்லுக்குப் பயமில்லை, கண்டு விலகலாம். அதைச் சுற்றி இரண்டு மூன்று மீற்றருக்குள் ஒளிந்திருப்பவைதான் கடிக்கும். வெயிலை வாங்கிய கல் தன்னைச் சுற்றியுள்ள பனியை உள்ளிருந்தே உருக்கிப் பொள்ளலாக்கிவிடும். மேலே லேசான ஒரு வீக்கம், நிறத்தில் ஒரு மங்கல், அவ்வளவுதான் அடையாளம்.

மருமகனுக்கு அந்த வீக்கம் தெரியவில்லை. கிரீச் என்ற சத்தம் எங்கள் மூவருக்கும் கேட்டது. ஆள் விழவில்லை. ஸ்கீயைக் கழற்றிப் புரட்டிப் பார்த்தவனின் முகம் வாடிவிட்டது. பாதத்துக்குக் கீழே, விளிம்பிலிருந்து இரண்டு விரல் தள்ளி, நடுவிரல் நீளத்தில் ஒரு வெட்டு. அடியில் மரம் தெரிந்தது.

“உங்கடை ஸ்கீயைப் பழுதாக்கிப்போட்டன் மாமா.”

“அதுக்குத்தானே உனக்கு அதைத் தந்தது. காலுக்கு ஒண்டும் இல்லையே? வா.”

திங்கட்கிழமை வேலை முடிந்து பின்னறைக்கு வந்தான். திருத்துவதை நான் செய்யவில்லை, அவனிடம் செய்யக் கொடுத்தேன். மரம் தெரிகிற காயத்துக்கு முதல் மருந்து பொறுமை. மரம் ஈரம் குடித்திருக்கும். அப்படியே மூடினால் உள்ளே ஊதி, மேலே போட்டதைத் தள்ளிவிடும். நான் இரவிலேயே அதை அறைச் சூட்டில் நிறுத்திவைத்திருந்தேன். சுற்றி நின்ற நாரைக் கத்தியால் வெட்டி, மரத்தின்மேல் மெல்லிய இப்பொக்சிப் பசை. அது இறுகிய பிறகு பொலிஎதிலீன் குச்சி. ஸ்கீயின் அடிப்பரப்பும் அதே பொருள்தான். குச்சியைக் கொளுத்திச் சொட்டுவிட்டுக் குழியை நிரப்ப வேண்டும்.

அவன் சுவாலையைப் பெரிதாக வைத்தான். கறுப்புச் சொட்டு விழுந்தது. சுரண்டி எறியச் சொன்னேன். சுவாலை மஞ்சளாக எரிந்தால் கரி சேரும், கரி கலந்த சொட்டு ஒட்டாது. குச்சியை உலோகத் தகட்டுக்குக் கிட்டவாகப் பிடித்து, சுவாலை நீலமாகச் சுருங்கிய பிறகுதான் காயத்துக்குக் கொண்டுபோக வேண்டும். இரண்டாம் தரம் சொட்டு தெளிவாக விழுந்தது. ஆறவிட்டு, இன்னொரு படை, இன்னொரு படை. கடைசியில் எஃகுத் தகட்டைச் சாய்த்துப் பிடித்து, மேடாக நின்றதைச் சீவினான். சுருள் சுருளாக வந்தது. விரலால் தடவிப் பார்த்தான், காயம் தட்டுப்படவில்லை.

பிறகு விளிம்பு. ஸ்கீக்கு எஃகு விளிம்பு பிறவியிலேயே இருந்ததல்ல. சால்ஸ்பூர்க் கணக்காளரான ருடோல்ஃப் லெட்னர் 1926இல் அதற்குக் காப்புரிமை பெற்றார். கல்லில் உரசிய விளிம்பில் நேரே அரம் வைத்தால் அரம் வழுக்கும். உரசிய சூட்டில் அந்த இடம் மட்டும் கடினமாகிவிடும், அரத்தின் பல்லையே தின்றுவிடும். முதலில் வைரத் தூள் பூசிய கல்லால் தேய்த்து அந்தத் தோலை எடுக்க வேண்டும். கையில் வரும் அதிர்வு மாறும். அதற்குப் பிறகு அரம். மருமகன் மின்வேலைக்காரன், அந்த மாற்றத்தைச் சீக்கிரமே பிடித்துக்கொண்டான்.

“மெசினிலை போட்டு முழுசாத் தேய்ச்சால் புதுசு மாதிரி வருமே மாமா?”

வரும். வாடிக்கையாளர்களும் அதைத்தான் கேட்கிறார்கள். ஆனால் ஸ்கீயின் அடிப்பரப்பு மொத்தமே ஒன்றேகால் மில்லிமீற்றர் மட்டில்தான். அரைகல் இயந்திரம் ஒவ்வொரு தரமும் அதில் ஒரு பங்கைத் தின்னும். விளிம்பும் கூடவே தேயும். கண்ணாடிபோல இருக்க வேண்டும் என்று வருடா வருடம் அரைத்த ஸ்கீ, கல்லில் பட்டதைவிட என் இயந்திரத்தில் பட்டுத்தான் சாகிறது. போட்டிக்கு ஓடுகிறவருக்கு அது தேவை. திட்டுப்பனியில் நடக்கிறவருக்குத் தேவையில்லை. நிரப்பு, சீவு, மெழுகு போடு, போ. தழும்பு தழும்பாகவே இருக்கட்டும்.

மெழுகு போட்டு முடித்து அவன் கேட்டான்: “சுற்றுலாவுக்கு எனக்கெண்டு ஒரு புதுச் சோடி வாங்கட்டோ?”

“இப்ப வேண்டாம். ரெண்டு குளிர்காலம் இதிலை போ.”

“கடையிலை வேலை செய்யிற ஆள் சொல்லுற கதையே இது?”

கடை முதலாளி கேட்டால் விரும்பமாட்டார் என்பது உண்மைதான். ஆனால் இந்த நாட்டின் ஓடுபாதைகளில் பாதிக்கு மேல் இயந்திரத்தால் பனி போடும் வசதி வந்துவிட்டது. அங்கே பழகியவர்களுக்குக் கீழே நிலம் இருக்கிறது என்பதே மறந்துவிடுகிறது. புது ஸ்கீ வாங்கியவன் அதைக் காப்பாற்றுவதற்காக நல்ல பனி வரும்வரை வீட்டில் இருப்பான், அல்லது கல்லைக் கண்டு பதறி உடம்பை இறுக்கி விழுவான். பழைய சோடி காலில் இருந்தால் புல்லிலும் நடந்து பார்ப்பான், நின்று யோசிப்பான், இந்த மேட்டில் பனி ஏன் இருக்கிறது, பக்கத்து மேட்டில் ஏன் இல்லை என்று கேட்பான். வருகிற குளிர்காலங்கள் எப்படி இருக்குமென்று பார்த்தால், அந்தக் கேள்வி கேட்கத் தெரிந்தவர்களே இந்த மலைகளில் தொடர்ந்து ஓடப்போகிறார்கள்.

அந்தச் சோடி இப்போது அக்கா வீட்டு நிலவறையில் நிற்கிறது. வாடகை இல்லை. நிபந்தனை ஒன்றே: அதில் விழும் வெட்டை அவனே வந்து, என் மேசையில், நீலச் சுவாலையில் நிரப்ப வேண்டும். வந்துகொண்டிருக்கிறான்.